கிணற்றில் அடக்கிய மூச்சு

ஆஸ்துமா உள்ளவர்களும், எனக்கு அது இருந்தது, போய்விட்டது என்று சொல்லித் திரிகிறவர்களும், அப்படிப்பட்டவர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்களும் இதைப் படிக்க வேண்டும். மற்றவர்கள் படித்தாலும் குற்றமில்லை. ஆஸ்பத்திரியில் நான் கிடந்த கிடப்பை என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் ஊரெல்லாம் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் பாதிதான் உண்மை. மீதியை நானே எழுதிவிடுகிறேன்.

என்னை முதலில் சொல்லிக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கீழக்குயில்குடியில் கிணறு வெட்டும் இடத்தில் கல் சுமந்து தொடங்கியவன். இன்றைக்குப் பாறை துளைக்கும் கம்ப்ரசர் வண்டி சொந்தமாக ஓட்டுகிறேன். நாகமலை புதுக்கோட்டையில் மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறேன். இந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டாலும் அதில் என் கை பட்டிருக்கும். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் தன் மனையில் எங்கே தோண்டலாம் என்று என்னைக் கேட்டுத்தான் தோண்டினார். தண்ணீர் வந்தது.

சின்ன வயதில் எனக்கு இழுப்பு இருந்தது. மார்கழிப் பனி இறங்கினால் விடிய விடிய உட்கார்ந்தே இருப்பேன். அதைக் கிணற்றில் குதித்துக் குதித்தே விரட்டினேன் என்பது என் கட்சி. எங்கள் பக்கம் நீச்சல் தெரியும் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அடிக்குப் போய் ஒரு கை மண் எடுத்து வந்து காட்ட வேண்டும். அதற்கு ஒரே விதிதான்: மேலே இழுத்த மூச்சைத் தலை வெளியே வரும்வரை விடக்கூடாது. வாயைத் திறந்தவன் தண்ணீர் குடித்தான், தண்ணீர் குடித்தவன் செத்தான். அந்த விதி என் எலும்பில் ஏறியிருந்தது. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அதுதான்.

என் மருமகன் செல்வம் அரபு நாட்டு எண்ணெய்க் கம்பெனியில் கடலுக்கடியில் குழாய் பார்க்கிற வேலையில் இருக்கிறார். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர், வாயில் ரப்பர்க் குழாய், முகத்தில் கண்ணாடி. அப்படியே மீன் மாதிரிப் போவாராம். பொங்கலுக்கு லீவில் வந்தவர், தூத்துக்குடித் துறைமுகத்தில் முக்குளிக்கும் சிநேகிதரிடம் அந்தச் சாமான் இரண்டு செட்டு இரவல் வாங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் இதைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள் என்றார். அந்த வருடம் நல்ல மழை. என் தோட்டத்துப் பெரிய கிணறு தளும்ப நின்றது. காணும் பொங்கல் அன்று கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. இளவட்டங்கள் ஒவ்வொருவராக அவரோடு இறங்கி, கண் விரியப் பேசிக்கொண்டு ஏறி வந்தார்கள்.

"அடுத்து நான்" என்றேன்.

செல்வம் தயங்கினார். "மாமா, ஒங்களுக்கு இழுப்பு, வீசிங் ஏதாச்சும் உண்டா? இருந்தா எறங்கக் கூடாது. எங்க கம்பெனில அப்படி உள்ளவங்களத் தண்ணிப் பக்கமே விட மாட்டாங்க."

"அதெல்லாம் சின்ன வயசுல. வெரட்டிவிட்டாச்சு மாப்ள."

பின்னால் நின்ற பேச்சியம்மாள் விடவில்லை. "எங்கிட்டு வெரட்டுனீங்க? பனி பெஞ்சா ராத்திரி நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துதே, அது என்னவாம்?"

"அது சளி. நீ சும்மா இரு."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்துவிட்டால் மருமகன் மாமனாரைத் தடுக்க முடியாது. "சரி மாமா, ஒண்ணே ஒண்ணு. மேல வரும்போது மூச்ச அடக்கவே கூடாது. விட்டுக்கிட்டே வரணும். மெதுவா வரணும்" என்று மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் தலையை ஆட்டினேன்.

உள்ளே போனது சொர்க்கம்தான், மறுக்கவில்லை. தண்ணீருக்குள் மூச்சு விடலாம் என்பதை என் உடம்பு நம்பவே சற்று நேரம் ஆயிற்று. பக்கவாட்டுப் பாறையில் நான் போட்ட துளைகளை நானே தடவிப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். ஆனால் அடியில் தண்ணீர் ஐஸ் மாதிரி. சிலிண்டர்க் காற்று வேறு வறண்டு தொண்டையை உலர்த்தியது. கீழே போகப் போக நெஞ்சில் யாரோ கயிற்றைச் சுற்றி இறுக்குவதுபோல இருந்தது. இழுத்த காற்று உள்ளே போனது. வெளியே வர மறுத்தது. அந்த இறுக்கம் எனக்குத் தெரியாததில்லை. சின்ன வயதுச் சிநேகிதன் திரும்பி வந்திருந்தான்.

பயம் வந்தால் மனிதன் புதிதாகப் படித்ததை மறப்பான், பழையதைத்தான் செய்வான். ஒரு கை மண்ணை அள்ளினேன். ரப்பர்க் குழாயில் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தேன். குழாயைத் துப்பினேன். வாயை இறுக்க மூடிக்கொண்டு தரையை உதைத்து எழும்பினேன். செல்வம் என் காலைப் பிடித்தார். அதையும் உதறினேன்.

தலை வெளியே வந்ததும் கையை உயர்த்தி மண்ணைக் காட்டினேன். விசில் பறந்தது. அதே நொடியில் வலது நெஞ்சுக்குள் உளி இறங்கியது போல ஒரு வலி. படிக்கல்லைப் பிடித்தேன். கூட்டம் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் காற்று கிடைக்கவில்லை.

மதுரைக்கு ஜீப்பில் போன வழி எனக்கு நினைவில்லை. செல்வம் ஓட்டினார் என்பதும், "மாமா, பேசாதீங்க, பேசாதீங்க" என்று அழுதுகொண்டே ஓட்டினார் என்பதும் பேச்சியம்மாள் சொன்னது. உதடு நீலம் பூத்திருந்ததாம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரி, வைகைக்கு வடகரை. வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். காத்திருக்கச் சொன்னார்கள். என் முகத்தைப் பார்த்த ஒரு கிழவர் தன் இடத்தையும் தன் முறையையும் சேர்த்து எனக்குக் கொடுத்தார். யார் என்று தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு டாக்டர் இளவயது. என் மகன் வயதுதான் இருக்கும். படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். இடது பக்கம் நுரையீரல் விரிந்து நின்றது. வலது பக்கம் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி இடமெல்லாம் கறுப்பு.

"கறுப்பா இருக்கே, அது என்ன?"

"காத்து. நுரையீரல்ல ஓட்டை விழுந்து, காத்து வெளிய கசிஞ்சு, நெஞ்சுக் கூட்டுக்குள்ள நிக்கிது. அது நுரையீரல வெளியிலேர்ந்து அமுக்குது."

காற்றை வெளியே எடுக்க, விலா எலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு ரப்பர்க் குழாயைச் செருகினார்கள். மரத்தது தோல்தான், உள்ளே தள்ளும் வலியை மரக்க வைக்க ஊசி இல்லை. குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. நெஞ்சிலிருக்கும் காற்று குழாய் வழியாக வந்து தண்ணீரில் குமிழியாக வெளியேறும். திரும்ப உள்ளே போகத் தண்ணீர் விடாது. மோட்டார்க் குழாயின் அடியில் நாங்கள் மாட்டும் ஃபுட்வால்வு, ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் செய்யும் அதே வேலைதான். செருகியவுடன் பாட்டில் சோறு கொதிப்பதுபோலக் கொதித்தது. எனக்கு மூச்சு வந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் மறுநாள் வந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "உள்ள நின்ன காத்து வந்துருச்சு. ஆனா இன்னமும் குமிழி வருதே, அது ஓட்டை மூடலைங்கிறதுக்கு அடையாளம். தானா மூடணும். சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். மூடலைன்னா மெட்ராசுக்கு அனுப்பி நெஞ்சத் தெறந்து தைக்க வேண்டி வரும். ஒங்களுக்கு இருக்கிற ஆஸ்துமாவுக்கு அந்த மயக்க மருந்து ஆபத்து. அதனால அசையாம, சத்தம் போடாமப் படுத்திருங்க."

"எனக்கு ஆஸ்துமா இல்ல டாக்டர்."

அவர் ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி, மறுமுனையை என் இடது நெஞ்சிலேயே வைத்தார். மூச்சை விடச் சொன்னார். ஓட்டைப் புல்லாங்குழலை யாரோ தூரத்தில் ஊதுவது போலக் கேட்டது. பேச்சியம்மாள், "பூனைக்குட்டிதானே?" என்று கேட்டாள். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அவர் விளக்கியதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். ஆஸ்துமா என்பது நுரையீரலுக்குள் இருக்கும் சின்னக் குழாய்கள் வீங்கிச் சுருங்கி, சளி அடைத்துக்கொள்வது. மூச்சு உள்ளே போய்விடும், வெளியேறத்தான் சிரமம். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும், போய்விட்டது என்று நினைப்போம், போயிருக்காது. குளிர்ந்த தண்ணீர், வறண்ட காற்று, உடம்பை வருத்தும் வேலை, பயம் இவற்றில் ஏதாவது ஒன்று பட்டாலே விழித்துக்கொள்ளும். எனக்கு நான்கும் ஒன்றாகக் கிடைத்தன.

இனி சிலிண்டர். சாதாரணமாக நாம் கிணற்றில் குதிக்கும்போது மேலே இழுத்த ஒரு மூச்சோடு போகிறோம். கீழே தண்ணீர் அதை அமுக்கும்; மேலே வந்தால் பழைய அளவுக்கு வரும். அவ்வளவுதான். சிலிண்டரோடு போனால் அப்படியில்லை. அமுக்கத்தில் இருக்கும்போதே அமுக்கிய காற்றை இழுத்து நுரையீரலை நிரப்புகிறோம். ஐந்து ஆள் ஆழத்தில் இழுத்த ஒரு மூச்சு மேலே வரும்போது இரண்டு மூச்சாக விரியும். ஒரு மூச்சுக்கான பையில் இரண்டு மூச்சு எங்கே நிற்கும்?

"ஒங்க கம்ப்ரசர்ல சேஃப்டி வால்வு இருக்குல்ல?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லாம ஓட்டுனா டேங்கி வெடிச்சுரும்."

"தொண்டைதான் சேஃப்டி வால்வு. நீங்க அத மூடிக்கிட்டு வந்தீங்க."

நான் அப்போதும் விடவில்லை. "சரி, வாயத் தெறந்துக்கிட்டு வந்திருந்தா?"

"ஆஸ்துமா இல்லாதவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஒங்களுக்குத்தான் சின்னக் குழாயெல்லாம் அடச்சுக் கெடந்துச்சே. வாயத் தெறந்தாலும் அதுக்கு அந்தப்பக்கம் மாட்டுன காத்து எங்கிட்டுப் போகும்? அதனாலதான் இழுப்பு உள்ளவங்க சிலிண்டரோட எறங்கக் கூடாதுங்கிறோம். ஒங்களுக்குக் காத்து நெஞ்சோட நின்னுச்சு. ரத்தத்துல கலந்து மூளைக்குப் போயிருந்தா, கெணத்தடியிலயே கத முடிஞ்சிருக்கும்."

அதற்குப் பிறகு அந்தச் சிலிண்டரைப் பற்றி நான் பேசவில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினேன்.

என்னால் படுக்க முடியாது. அது என் உடம்பில் இல்லை. விடிந்தால் எழுந்து நாலு தோட்டம் சுற்றி வருகிறவனை, விலாவில் குழாயைச் சொருகிப் பாட்டிலோடு கட்டிப்போட்டால் என்ன செய்வான்? மின்விசிறியின் இறக்கையை எண்ணினேன். தெருவில் போகும் லாரியின் சத்தத்தைக் கேட்டு எந்த ஊர் லோடு என்று சொன்னேன். இழுப்புக்குப் போட்ட ஊசி மருந்து நெஞ்சைத் திறந்தது, ஆனால் கையை நடுங்க வைத்தது, இதயத்தைக் குதிரை மாதிரி ஓட வைத்தது, தூக்கத்தைத் துரத்தியது. ஒருநாள் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குக் கிளம்பிவிட்டேன். நல்ல உயரத்தில், தோளுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தேன். சிஸ்டர் அலறிக்கொண்டு ஓடிவந்து பாட்டிலைப் பிடுங்கித் தரையில் வைத்தார்.

"ஏன்யா, ஊருக்கெல்லாம் மோட்டார் போடுறவருன்னு சொன்னாங்க. மேல இருக்கிற தண்ணி கீழதான் எறங்கும்னு தெரியாது? நெஞ்சுக்குள்ள தண்ணி போயிருந்தா யாரு பொறுப்பு?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்கே இருமல் வந்துவிட்டது.

பார்க்க வந்த கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், கோயில் துன்னூறு. வந்தவர்கள் சும்மா போவார்களா? "அண்ணே, எம்புட்டு ஆழம் போனீங்க?" என்பார்கள். நான் எழுந்து உட்கார்வேன். என் கூட்டாளி ராமையா வந்த அன்று கிணற்றில் ஆரம்பித்து, ஆனையூரில் யாராலும் உடைக்க முடியாத பாறையை நான் உடைத்த கதைக்குப் போய், கையை வீசி, குரலை உயர்த்தி, உச்சத்துக்கு வந்தபோது,

"நிறுத்துங்க" என்றாள் பேச்சியம்மாள்.

அவள் ஸ்டூலில் இல்லை. தரையில் உட்கார்ந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

"நீங்க சும்மா இருந்தா தண்ணி சும்மா இருக்கு. தண்ணி கேட்டீங்க, ஒண்ணுமில்ல. மருந்து கேட்டீங்க, ஒண்ணுமில்ல. பெருமை பேச ஆரம்பிச்சா கொப்புளிக்கிது. காலையிலருந்து பாக்குறேன்."

"ஒனக்குக் கிறுக்கு."

"ராமையாத் தம்பி, நீங்களே கீழ பாருங்க. ஏங்க, அந்த ஆனையூர்ப் பாறைய இன்னொரு தரம் ஒடைங்க."

நான் உடைத்தேன். ராமையா குனிந்து பார்த்தார். "அக்கா சொல்றது நெசம்தான் அண்ணே. கொடகொடன்னு வருது" என்றார்.

அவள் கேலிக்குச் சொன்ன பேச்சு இல்லை அது. டாக்டரிடம் கேட்டபோது அவரும் ஆமோதித்தார். குரலை உயர்த்தும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும், ஓட்டை வழியாகக் காற்று தள்ளப்படும், மூடுகிற புண் மறுபடி பிரியும். "அம்மா நல்லாக் கண்டுபிடிச்சிருக்காங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு ஜெயில்.

வாசலில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வந்தவர்களை அங்கேயே நிறுத்தினாள். "அவரு தூங்குறாரு" என்பாள். நான் உள்ளே கண்ணை விழித்துக்கொண்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். ஒருவர் என் கிணற்றின் ஆழத்தைக் குறைத்துச் சொன்னார். திருத்த வாயைத் திறந்தேன். ஒரே ஒரு குமிழி வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மூச்சை அடக்கவும் கூடாது என்பதால் அதை மெல்ல வெளியே விட்டேன். என் வாழ்நாளில் அதைவிடக் கடினமான வேலை செய்ததில்லை, பாறை உடைத்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செல்வம் அறைக்குள் வருவதே இல்லை. வராந்தாத் தூணோரம் உட்கார்ந்திருந்தார். லீவு முடியப்போகிறது, தந்தி கொடுத்து நீட்டித்திருக்கிறார். நம் ஆட்கள் சிலர் அவர் காதில் விழும்படியே, "மாமனார முடிச்சுட்டுச் சொத்த எடுத்துக்கப் பாத்தாரு" என்று பேசியிருக்கிறார்கள். அவர் சாப்பிடுவதில்லை என்று பேச்சியம்மாள் சொன்னதும் உள்ளே கூப்பிடச் சொன்னேன்.

வந்து நின்றார். நான் சத்தமில்லாமல் பேச வேண்டியிருந்ததால் காதருகே குனியச் சொன்னேன்.

"கால ஏன் விட்டீங்க?"

"ஒதச்சீங்களே மாமா. கண்ணாடி ஒடஞ்சிருச்சு."

அப்போதுதான் அவர் புருவத்தில் தையல் இருப்பதைப் பார்த்தேன். இத்தனை நாளும் அதோடுதான் தூணோரம் இருந்திருக்கிறார். ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரித்து அவர் கையில் வைத்தேன். தின்றார். பாட்டில் பேசாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி நான் தூங்கவில்லை. மெட்ராஸ் போவதற்குப் பேச்சியம்மாள் மூட்டையைக் கட்டி வைத்திருந்தாள்; அந்த மூட்டையைப் பார்க்காமல் இருக்கத் திரும்பிப் படுக்கவும் முடியாது, விலாவில் குழாய். நெஞ்சைத் திறப்பது என்றால் எங்கிருந்து எதுவரை என்று கேட்கவும் பயமாக இருந்தது. டாக்டர் சொன்ன மயக்க மருந்து பேச்சு வேறு மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. பாறைக்கு வெடிமருந்து வைத்துவிட்டு ஓடத் தெரிந்தவனுக்கு, படுத்துக்கொண்டு காத்திருக்கத் தெரியவில்லை.

காலையில் டாக்டர் வந்தார். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்தார். குழாய்க்குள் தண்ணீர் என் மூச்சுக்கு ஏற்ப லேசாக ஏறி இறங்கியது. அது சரிதான், ஏறி இறங்கலாம், குமிழிதான் வரக்கூடாது என்றார்.

"இருமுங்க."

இருமினேன். குமிழி இல்லை.

"பலமா."

பலமாக இருமினேன். வலித்தது. குமிழி இல்லை.

"மூடிருச்சுன்னு நெனைக்கிறேன். குழாய இறுக்கி வச்சு ஒரு எக்ஸ்ரே பாத்துட்டு எடுத்துரலாம். மெட்ராஸ் வேண்டாம்" என்று எழுந்தார்.

பேச்சியம்மாள் எழவில்லை. "இருமுனா பத்தாது டாக்டர்."

"ஏம்மா?"

"இருமல நான் நம்ப மாட்டேன். இவரப் பெருமை பேசச் சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். சிஸ்டரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, கன்னத்தைத் தரையோடு வைத்து, பாட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தேவிட்டாள். மறுபக்கம் செல்வமும் குனிந்துகொண்டார்.

இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த அத்தனை கதையும் எங்கே போனதோ. மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். ஆனையூரில் மூன்று காண்டிராக்டர்கள் கைவிட்டுப் போன பாறை. கடப்பாரை முனை மழுங்கியது. நான் போய்க் காதை வைத்துக் கேட்டு, இங்கே போடு துளையை என்றேன். குரல் தானாக ஏறியது. கை தானாக வீசியது. வெடி வைத்தேன், பாறை பிளந்தது, தண்ணீர் ஆள் உயரத்துக்கு...

"வருதா?" என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் நின்றது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா, வருதா இல்லையா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல. இன்னும் கொஞ்சம் பேசுங்க" என்றாள்.

கலியாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. பேசினேன்.